படலையில் நின்று கூப்பிட்டவள்

எழுபதுகளின் பிற்பகுதியில், தேர்தல் முடிந்த கையோடு மூண்ட கலவரத்தில், மலையகத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட சனம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. ரயிலில் வந்தார்கள், லொறிகளில் வந்தார்கள், சிலர் பாதி வழி நடந்தே வந்தார்கள். திருகோணமலையில் அவர்களுக்கு உறவென்று ஒருவரும் இல்லை. தமிழ் பேசுகிற ஊர் என்பதை மட்டும் நம்பி வந்தவர்கள். அந்த நம்பிக்கைக்கு நாங்கள் கொடுத்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் அப்போது சங்கக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்து, வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்துக்குப் பக்கத்தில் விட்டுப்போன பழைய பண்டகசாலை ஒன்றைத் திறப்பித்து, வந்தவர்களை அதற்குள் இருத்தினார்கள். தகரக் கூரை, சீமெந்துத் தரை. மத்தியானத்தில் உள்ளே நிற்க ஏலாது. சமைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆள் வேண்டும் என்று எங்கள் தெருப் பெண்களைக் கேட்டார்கள். வேலை முடிந்ததும் நான் போய்வரத் தொடங்கினேன்.

குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தர். மழை வெயில் பாராமல் கையில் குடை இருக்கும். மேடையில் நன்றாகப் பேசுவார். நாங்கள் எல்லோரும் 'தலைவர் ஐயா' என்போம்.

அவளை நான் முதலில் கண்டது சோறு போடும்போது. முப்பத்தைந்து வயது இருக்கும், உலர்ந்த உடம்பு. அவளுக்கும் மகளுக்கும் போட்டேன். அவள் நகரவில்லை.

"இன்னொருத்தர் இருக்காங்க" என்றாள்.

"ஆர்? கூப்பிடுங்கோ."

"எம் வீட்டுக்காரரு. அண்ணன தேடிப் போயிருக்காரு. பின்னாடி வந்துகிட்டு இருக்காரு."

"வந்த உடனே போடுவம் அக்கா."

"அவரு வர்றப்ப அடுப்பு அணைஞ்சிருந்தா? பசியோட வர்ற மனுசனுக்கு நீங்க வந்து ஆக்கித் தருவீங்களா?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. போடவில்லை. அவள் தன் தட்டையும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மகள் வந்து அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு, "அம்மா கோவக்காரிங்க. நாங் குடுத்துக்கிறேன்" என்று சிரித்தாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கலாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். யாரைக் கண்டாலும் அவரைப் போல நடித்துக் காட்டுவாள். தலைவர் ஐயா குடையை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடப்பதை அவள் ஒரு விறகுக் கட்டையை வைத்துக்கொண்டு நடித்தபோது, வீடு வாசல் எரிந்து வந்த சனம் முதன்முதலாகச் சிரித்ததை அங்கே கண்டேன். ஒருநாள் அவரும் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

தாயும் நானும் மெல்ல மெல்லப் பழகினோம். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தீ வைத்தவர்களில் சிலரை அவளுக்குத் தெரியும். தோட்டத்துக் கடையில் அவர்களிடம்தான் சாமான் வாங்கினாளாம். அதை அவள் அழாமல் சொன்னாள். லொறி ஒன்று வந்து நின்றால் மட்டும் எழுந்து ஓடுவாள். புருஷனின் உயரம், நிறம், சட்டை எல்லாம் சொல்லி டிரைவரைக் கேட்பாள். பிறகு திரும்பி வந்து மறுபடி வெங்காயம் உரிப்பாள்.

என் கோபம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், தேத்தண்ணீரில் என்றுதான் சொல்வேன். உதவிக்கு வந்த எங்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். வந்த சனத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை. நாடு முழுக்கக் குடிக்கிற தேயிலையைக் கொய்து கொய்து விரல் நுனி கறுத்த பெண்கள், எங்கள் ஊரில் சிரட்டையில் தேத்தண்ணீர் குடித்தார்கள். கிளாசுகள் இல்லாமல் இல்லை. ஒரு அலுமாரி நிறைய இருந்தன, பூட்டிக் கிடந்தன.

தலைவரிடம் கேட்டேன்.

"பிள்ளை, உமக்கு இதுகள் விளங்காது" என்றார். "இதுகள் வாய் வைச்ச கிளாசில எங்கட ஆக்கள் குடிக்க மாட்டினம். பிறகு ஒருத்தரும் உதவிக்கு வரமாட்டினம். ஊரோட ஒத்துப்போகத்தானே வேணும்."

அன்றைக்கு நானும் சிரட்டையை எடுத்தேன். அவள் என் கையிலிருந்து அதைப் பறித்தாள்.

"இது ஒங்களுக்கு எதுக்குங்க? நீங்க கிளாசுல குடிச்சாத்தான் அவங்க ஒங்க பேச்சக் கேப்பாங்க. நாங்க பேசினா யாரு கேக்குறா?"

அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வரத் தொடங்கின. முதலில் பழைய உடுப்புகளோடு வந்தார்கள். கொளுக்கி இல்லாத சட்டைகள், கிழிந்த வேட்டி, ஒற்றைச் சப்பாத்து. வீட்டில் எறிய மனமில்லாததை எல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டு நன்றியை எதிர்பார்த்து நின்றார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து வந்தவர்கள் பிள்ளைகளைப் பார்க்க வந்தார்கள்.

நானும் அங்கேதான் நின்றேன். பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா, ஒரு சிறுமியின் தலைமயிரை விலக்கிப் பேன் பார்த்தார். இன்னொருவர் ஒரு பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மெலிவு, தண்ணி அள்ளாது" என்று அடுத்தவளிடம் போனார். சந்தையில் மாடு பிடிப்பவர்கள்கூட இதைவிடக் கொஞ்சம் வெட்கத்தோடு பார்ப்பார்கள். தலைவர் கூடவே நடந்தார். தாய்மாரிடம், "நல்ல குடும்பம். சொந்தப் பிள்ளை மாதிரிப் பாப்பினம். பள்ளிக்கூடமும் விடுவினம்" என்றார்.

"எந்தப் பள்ளிக்கூடம் ஐயா?" என்று கேட்டேன்.

"நீர் போய் உலையைப் பாரும்."

அடுத்த வாரத்தில் ஒருநாள் கந்தோர் முடிந்து போனபோது, அவள் முகம் மலர்ந்து எதிரே ஓடி வந்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் கண்டதில்லை.

"எம் புள்ளயக் கார்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க! பள்ளிக்கூடத்துல சேக்குறாங்களாம். தலைவர் ஐயாவே வந்து சொன்னாரு."

"எந்த வீடு அக்கா?"

அவளுக்குத் தெருப் பெயர் தெரியாது. வந்த அம்மாவின் மூக்குத்தியைச் சொன்னாள், காரின் நிறத்தைச் சொன்னாள், குங்குமப் பொட்டைச் சொன்னாள். அது என் அப்பாவின் தங்கை. என் சொந்த மாமி.

"அக்கா, அது என்ர மாமி வீடு. அங்கை ஒருத்தரும் உங்கட பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பமாட்டினம். இதுக்கு முதலும் ரெண்டு பிள்ளையள் வேலைக்கு நிண்டவை. ரெண்டு பேரும் ஓடிப்போனவை."

அவள் முகம் மாறியது. என் மேல்தான் மாறியது.

"ஒங்க சொந்தக்கார வீட்டுல எம் புள்ள இருந்தா ஒங்களுக்குக் கொறச்சலா?" என்றாள். "சிரட்டையில குடிக்கிறேன்னு வந்தீங்களே, அதெல்லாம் இங்க மட்டுந்தானா?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். பறிகொடுத்த எல்லாவற்றுக்கும் பதிலாக ஒன்றாவது நல்லதாக நடந்திருக்கிறது என்று நம்ப அவளுக்குத் தேவையாக இருந்தது. அந்தத் தேவையை வைத்துத்தான் அவர்கள் பிள்ளையை எடுத்துப்போனார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வேலை விட்டதும் நேரே மாமி வீட்டுக்குப் போனேன். மாமி சாமியறையில் இருந்தார். நான் குசினி அடுப்பைத் தாண்டிப் பின்பக்கம் போனேன். விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை குந்தி இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தது. யாரோ பையன் என்று முதலில் நினைத்தேன். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது. தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். முன்கையில் அகப்பைக் காம்பின் தடம் நீளமாகச் சிவந்து கிடந்தது.

"அக்கா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். "என் பேரு இப்ப வேறங்க."

எனக்கு விளங்கவில்லை. பின்னால் மாமியின் குரல் கேட்டது.

"என்ர மகளுக்கும் அதே பேரல்லோ. என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லி, கக்கூசைக் கழுவு எண்டு கூப்பிடேலுமே? வேற பேர் வைச்சிருக்கிறன். கூப்பிட்டால் திரும்பிப் பாராது, திமிர். அதுதான் ரெண்டு போட்டனான்."

மாமியின் நெற்றியில் திருநீறு ஈரம் காயாமல் இருந்தது.

"பள்ளிக்கூடம் அனுப்புறதெண்டு சொல்லித்தானே கூட்டிவந்தனீங்கள் மாமி?"

"தோட்டக்காட்டுச் சனத்துக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு? சோறு போடுறன், உடுப்புக் குடுக்கிறன். நான் இல்லாட்டி இது அந்தத் தகரக் கொட்டிலுக்கை கிடந்து சாகும்."

"இவளின்ர தாய் உயிரோட இருக்கிறா."

"தாய்க்கும் ஒரு வயிறு மிச்சம்தானே? நீ என்ன, அதுகளோட சேந்து சேந்து எனக்கே சட்டம் கதைக்கிறாய்? உன்ர அப்பரிட்டைச் சொல்லுறன்."

நான் பிள்ளையின் கையைப் பிடித்தேன், அப்படியே கூட்டிக்கொண்டு போக. அவள் கையை இழுத்துக்கொண்டாள். "வேணாங்க. இப்ப வந்தா ஓடிப்போயிட்டேன்னு சொல்லுவாங்க. அம்மா வந்து கூப்பிட்டா வர்றேன்" என்று மெதுவாகச் சொன்னாள். பன்னிரண்டு வயதில் அவளுக்கு இவ்வளவு தெரிந்திருந்தது.

தாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலைமயிரைச் சொன்னேன், தடத்தைச் சொன்னேன். அவள் கல் மாதிரி இருந்து கேட்டாள். பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டாள்.

"பேர மாத்திட்டாங்களா?"

"ஓம் அக்கா."

"அது அவங்கப்பா வச்ச பேரு."

அடுத்த நாள் காலை நான் கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன். இருவரும் கடற்கரை வீதியால் நடந்தோம். அவள் எனக்கு முன்னால் போனாள், வழி தெரியாவிட்டாலும்.

மாமி முன் விறாந்தையில் நின்று பூ ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "அதைப் பின் படலையால வரச் சொல்லு."

அவள் பின்னாலும் போகவில்லை, உள்ளேயும் போகவில்லை. படலைக் கதவுக்கு வெளியே, தெருவில் நின்றாள். நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

மலையில் ஒரு சரிவில் நின்று அடுத்த சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. அந்தத் தெருவில் அப்படி ஒரு குரலை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எதிர்வீட்டு யன்னல் திறந்தது. மாமியின் மகள், தன்னை யார் கூப்பிடுவது என்று தெரியாமல் வாசலுக்கு ஓடி வந்து நின்றாள். மாமா பேப்பரோடு வெளியே வந்தார். தாய் விடவில்லை. திரும்பத் திரும்ப அந்தப் பெயரையே கூப்பிட்டாள். வேறு ஒரு சொல் பேசவில்லை.

வீட்டின் பக்கவாட்டால் பிள்ளை ஓடி வந்தாள், கை இரண்டும் நனைந்து. மாமி குறுக்கே போய்த் தோளைப் பிடித்தார்.

"போறதெண்டால் நான் தந்த சட்டையைக் கழட்டி வைச்சிட்டுப் போ!"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "குடுத்துட்டு வா" என்றாள் தாய். பிள்ளை விறகுக் கொட்டிலுக்குள் போய், வந்தபோது போட்டிருந்த தன் கிழிசல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மாமி கொடுத்த சட்டையை மடித்துப் படலைத் தூணில் தொங்கவிட்டாள். மடித்தாள் என்பதுதான் எனக்கு இப்போதும் மனதில் நிற்கிறது.

பாதி வழியில் மகள் இடுப்பில் கை வைத்து, கழுத்தை வெட்டி, "தோட்டக்காட்டுச் சனத்துக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு?" என்று மாமியின் குரலிலேயே கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். தாய் சிரிக்கவில்லை. மகளின் மொட்டைத் தலையில் ஒரு கையை வைத்தபடியே நடந்தாள்.

பண்டகசாலைக்குள் அந்தத் தலை நுழைந்ததும் எல்லோரும் அடுப்பை விட்டு எழுந்துவிட்டார்கள். பிறகு மற்றத் தாய்மார் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "எம் புள்ள எந்த வீட்டுல? தெரியுமாங்க?" எங்கள் ஊர் பெரிய ஊர் இல்லை. யார் வீட்டுக் கார் வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கிழமை முழுக்க நாங்கள் வீடு வீடாகப் போனோம். சில வீடுகளில் வெட்கப்பட்டுத் தந்தார்கள். சில வீடுகளில் நாயை அவிழ்த்து விட்டார்கள். ஒரு பிள்ளை வரமாட்டேன் என்று தூணைக் கட்டிப்பிடித்து அழுதது. அங்கே மூன்று நேரமும் சோறு கிடைத்ததாம். தாயும் அழுதுகொண்டே அதை விட்டுவிட்டு வந்தாள். அவளை யார் குறை சொல்ல முடியும்?

ஒரு வீட்டில் மட்டும், துறைமுகத்தில் ஒப்பந்த வேலை எடுக்கும் ஒருவரின் வீட்டில், பிள்ளையே இல்லை. "கொழும்பில எங்கட சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியிட்டம். நல்லா இருக்கிறாள்" என்றார்கள். விலாசம் கேட்டோம். "வீடு மாறிப் போட்டினம்" என்றார்கள். அந்தப் பிள்ளையின் தாய் வாய் பேசாத மாதிரி ஒரு மனுஷி. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குப் பின்னேரம் தலைவர் வந்தார். எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

"நீர் குழுவின்ர பேரைக் கெடுத்துப் போட்டீர். ஊரில நாலு பேர் முகத்தில முழிக்க ஏலாமல் இருக்கு."

"கொழும்புக்கு அனுப்பின பிள்ளையைக் கொண்டுவந்து தாய்க்குக் குடுத்திட்டுப் பேரைப் பற்றிக் கதையுங்கோ ஐயா."

"வாயை மூடும்! இனி நீர் இஞ்சை வரத் தேவையில்லை. பிள்ளையளைத் திருப்பி எடுத்த குடும்பங்களும் வேற இடம் பாக்கலாம். நன்றி இல்லாத சனம்."

நான் அங்கே கத்தினேன். என்ன கத்தினேன் என்று எல்லாம் ஞாபகமில்லை. அலுமாரியைத் திறந்து எல்லாருக்கும் கிளாசில் தேத்தண்ணீர் கொடு என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தில் அது என்ன பேச்சு என்று பிறகு எனக்கே தோன்றியது.

தோப்பூரிலிருந்து ஒரு முஸ்லிம் முதலாளி தன் லொறியில் அங்கே விறகு இறக்குவது வழக்கம். அன்றும் இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், விறகு முடிந்ததும் சொன்னார்:

"லொறி வெறுமனேதான் போகுது. வாறவங்க ஏறுங்க. கிளிவெட்டிப் பக்கம் எனக்குக் காணி கிடக்கு. வயல் வெட்டுக்கு ஆள் வேணும். சும்மா தர்மத்துக்குக் கூப்பிடயில்ல."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவர்கள் ஏறினார்கள் என்று நினைக்கிறேன். மொட்டைத் தலை மகளை முதலில் ஏற்றிவிட்டு, தாய் தான் ஏறும் முன் என் கையைப் பிடித்து, "வர்றேன் தங்கச்சி" என்றாள். அதுவரை அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

வீட்டில் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். மாமி எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நானும் அந்தப் படலையை மிதிக்கவில்லை.

மாரி முடிந்த பிறகு லோஞ்சுப் படகில் மூதூருக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுத்துக் கிளிவெட்டிக்குப் போனேன். வரம்புகளால் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. காட்டோரம் மண் சுவரும் கிடுகுக் கூரையுமாக ஒரு குடிசை. அவள் கையெல்லாம் அரிவாள் வெட்டு.

"தேயிலைன்னா நின்னுகிட்டுப் பறிக்கலாம். இது நாளெல்லாம் குனிஞ்சே கெடக்கணும்" என்றாள். பிறகு அதே குரலில், புருஷன் கலவரத்தின் முதல் நாளே வழியில் கொல்லப்பட்டதாகத் தோட்டத்து ஆள் ஒருவர் வந்து சொன்னதைச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். சின்னப் பிள்ளைகளோடு கீழ் வகுப்பில் இருத்தியிருந்தார்களாம். தலைமயிர் காது வரை வளர்ந்திருந்தது. அவளுடைய வாத்தியார் எப்படி மூக்குப்பொடி போடுவார் என்று நடித்துக் காட்டினாள். தாய் அன்றைக்குச் சிரித்தாள்.

காணாமல் போன பிள்ளையின் தாய்க்கு இப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவளும் அதே லொறியில் கிளிவெட்டிக்குப் போனவள்; முடிந்தபோதெல்லாம் லோஞ்சு ஏறி வந்து என் கந்தோர் வாசலில் நிற்பாள். இருவருமாக அந்த வீட்டுக்குப் போவோம். ஒருமுறை பிள்ளை ஓடிப்போய்விட்டது என்றார்கள். இன்னொருமுறை, கல்யாணம் கட்டிக்கொண்டது என்றார்கள். பதினொரு வயதுப் பிள்ளை! பொலிஸில், "நீங்களாகத்தானே விரும்பிக் குடுத்தனீங்கள்" என்று சொல்லி முறைப்பாட்டை எடுக்கவில்லை. பிறகு ஒரு வருஷம் அவள் வரவேயில்லை. இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்று ஒருவர் சொன்னார். செத்துப்போனாள் என்று இன்னொருவர் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தலைவர் இறந்துபோனார். செத்த வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். போனேன். பந்தல் நிறைய ஊர்ப் பெரியவர்கள். ஒருவர் எழுந்து பேசினார். வீடிழந்து வந்த மக்களுக்கு அன்னார் தந்தையாக இருந்தார் என்றார். அநாதைப் பிள்ளைகளுக்கு நல்ல குடும்பங்களைத் தேடிக் கொடுத்தார் என்றார். முன்வரிசையில் அந்த ஒப்பந்தக்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். அப்பா என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் பிள்ளை எங்கை?" என்று அந்த ஒப்பந்தக்காரரைப் பார்த்துக் கேட்டேன். "கொழும்புக்கு அனுப்பினீங்களே, அவள் எங்கை?"

அவர் நிலத்தைப் பார்த்தார். யாரோ, "செத்த வீட்டில கதைக்கிற கதையா இது?" என்றார்கள். "வேற எங்கை கதைக்கிறது?" என்றேன். இரண்டு பெண்கள் வந்து என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள், எனக்கு ஏதோ சுகமில்லை என்பதுபோல. ஒருத்தி குடிக்கக் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.